பிணத்தைப் படிக்கிற படிப்பா?

"நீ என்னம்மா படிச்சிருக்கே?" என்று யாராவது கேட்டால் எனக்குள் சிரிப்பு வந்துவிடும். "பி.எஸ்ஸி., தடய அறிவியலும் உயிர்வேதியியலும்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் முகம் மாறிவிடுமே, அதை நினைத்துத்தான். "அப்படின்னா... பொணம் அறுக்கிற படிப்பா?" என்பார்கள் சிலர். "போலீஸ் வேலையா? பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா அது?" என்பார்கள் சிலர். தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறவர்களாக இருந்தால், "கொலைகாரனை எல்லாம் கண்டுபிடிப்பீங்களா?" என்று கண்ணை அகல விரிப்பார்கள்.

சகோதரிகளே, மூன்று வருடப் படிப்பில் நான் ஒரு பிணத்தைக்கூட அறுக்கவில்லை. அது டாக்டர்கள் வேலை. ஒரு திருடனையும் பிடிக்கவில்லை. அது போலீஸ்காரர்கள் வேலை. ஒரு விஷயத்தை 'இதுதான் உண்மை' என்று சொல்வதற்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் நான் படித்தேன். அந்தப் படிப்பு ஒரு வீட்டு மருமகளின் மானத்தைக் காக்க எப்படி உதவியது என்பதையும், குழந்தை வைத்திருக்கும் நமக்கு அதில் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பிளஸ் டூவில் எனக்கு ரசாயனமும் உயிரியலும் பிடித்த பாடங்கள். மருத்துவத்துக்குப் போகிற அளவு மார்க் இல்லை. சென்னையில் ஒரு கல்லூரியில் இந்த இரண்டும் சேர்ந்த பட்டப் படிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அப்பா யோசித்தார். பாட்டி மட்டும், "ரசம் வைக்கத் தெரியாத பொண்ணு ரசாயனம் காய்ச்சப் போறாளாம்!" என்று கேலி செய்தாள். அம்மாதான் முடிவு சொன்னாள்: "எதைச் சொன்னாலும் ஏன், எப்படின்னு கேக்குற பொண்ணு. கேள்வி கேக்குறதையே படிப்பா படிச்சுட்டு வரட்டுமே!"

திருச்சியிலிருந்து சென்னை விடுதிக்கு இரண்டு பெட்டியோடு போய்ச் சேர்ந்தேன்.

அடுப்படியில் இருக்கிறது பாடம்

உயிர்வேதியியல் என்றால் பயப்பட வேண்டாம். நம் உடம்புக்குள் நடக்கிற சமையல்தான் அது. வெறும் சோற்றைச் சற்று அதிக நேரம் மென்றால் இனிக்கிறதல்லவா? எச்சிலில் இருக்கும் ஒரு நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. 'என்சைம்' என்கிறார்களே, அதுதான் நொதி. நம் ஈரலிலும் குடலிலும் ரத்தத்திலும் இப்படி ஆயிரக்கணக்கான நொதிகள், ஆளுக்கு ஒரு வேலையாகச் செய்துகொண்டிருக்கின்றன. ஒன்று படுத்துக்கொண்டால் வியாதி. ஒன்றை விஷம் முடக்கினால் உயிருக்கே ஆபத்து.

தடய அறிவியல் அதற்கு அக்கா மாதிரி. பிரெஞ்சு தேசத்து லியான் நகரில் 1910-ல் எட்மண்ட் லொகார்டு என்பவர் ஒரு சிறிய ஆய்வுக்கூடம் தொடங்கினார். ஒன்றோடு ஒன்று தொடும்போது இரண்டிலும் ஏதாவது ஒட்டிக்கொண்டுதான் பிரியும் என்பது அவருடைய கொள்கை. நமக்கு இது புதிதா என்ன? பூனை பாலைக் குடித்துவிட்டு ஓடினால் மேடையில் அதன் கால்தடம் இருக்கும். அதன் மீசையில் நம் வீட்டுப் பால் இருக்கும். அவ்வளவுதான்!

இந்த விஷயத்தில் நம் ஊருக்கும் ஒரு பெருமை உண்டு. சந்தேகச் சாவுகளில் விஷம் இருக்கிறதா என்று பார்க்க, இந்தியாவின் முதல் அரசு ரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849-ல் சென்னையில்தான் ஏற்பட்டது. இன்று தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையின் தலைமையகம் மயிலாப்பூர் காமராஜர் சாலையில் இருக்கிறது.

சங்கும் சக்கரமும்

முதல் வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் கைரேகை. ஜோசியர் பார்க்கும் உள்ளங்கை ரேகை அல்ல. விரல் நுனியில் இருக்கும் ரேகை. குழந்தை வயிற்றில் இருக்கும்போது மூன்றாவது மாதவாக்கில் உருவாகத் தொடங்கி, ஆறாவது மாதத்துக்குள் நிலைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு சாகும்வரை மாறுவதில்லை. ஒரே அச்சாகப் பிறக்கும் இரட்டைக் குழந்தைகளுக்குக்கூட விரல் ரேகை வேறு வேறுதான்.

பாட்டி குழந்தைகளின் விரலைப் பிடித்து "இது சங்கு, இது சக்கரம்" என்று எண்ணுவாள். விஞ்ஞானிகளும் ஏறக்குறைய அதையேதான் செய்கிறார்கள்! 100 ரேகைகளை எடுத்தால் சுமார் 60, 65 சங்கு மாதிரி வளைந்து திரும்பும். 30, 35 சக்கரம் மாதிரி சுழலும். மிச்சம் 5 வில் மாதிரி இருக்கும். உலகத்தின் முதல் கைரேகை அலுவலகம் 1897-ல் நம் கல்கத்தாவில் ஏற்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்தவர்கள் அஸிஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். ஆனால் அந்த முறை நிலைத்தது என்னவோ அவர்களுடைய மேலதிகாரி ஹென்றி துரையின் பெயரில்தான்.

முதல் வருட தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தேன். அம்மா எவர்சில்வர் டப்பாவில் வைத்திருந்த ரவா லாடு பாதியாகக் குறைந்திருந்தது. தம்பி சாமி சத்தியம் செய்தான். நான் கல்லூரியிலிருந்து கொண்டு வந்திருந்த கருப்புப் பொடியை மெல்லிய தூரிகையால் மூடியின்மேல் தடவினேன். அழகாக ஒரு கட்டைவிரல் எழுந்து வந்தது. தம்பியின் விரலை மையில் ஒற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாட்டிதான் விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்தப் படிப்பு பரவாயில்லைடி!" என்று அன்றைக்குத்தான் அனுமதி கிடைத்தது.

முள்ளங்கி கற்றுக்கொடுத்த பாடம்

இரண்டாம் வருடத்தில் ரத்தக்கறைப் பரிசோதனை வந்தது. எங்கள் ஆசிரியை ஆளுக்கு இரண்டு காகிதத் துண்டு கொடுத்தார். இரண்டிலும் பழுப்பாக ஒரு கறை. ஃபீனால்ப்தலீன் கரைசலில் ஒரு சொட்டு, அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. ரத்தமாக இருந்தால் ரோஜா நிறம் வரும். எங்கள் எல்லோருக்கும் இரண்டு காகிதமும் ரோஜா நிறமாயின. "இரண்டுமே ரத்தம்!" என்று கூவினோம்.

ஆசிரியை சிரித்தார். "ஒண்ணு கோழிக்கடை ரத்தம். இன்னொண்ணு நான் காலையில துருவின முள்ளங்கிச் சாறு, கொஞ்சம் டீத்தண்ணி கலந்து காய வச்சது."

முள்ளங்கியிலும் அதே நிறத்தைக் கொடுக்கக்கூடிய ஒரு நொதி இருக்கிறது. ஆகவே இந்தப் பரிசோதனை 'ரத்தமாக இருக்கலாம்' என்றுதான் சொல்லும். 'ரத்தம்தான்' என்று சொல்லாது. அதற்கு இன்னொரு பரிசோதனை இருக்கிறது. வேறு ரசாயனம் சேர்த்து லேசாகச் சூடாக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ரத்தத்தில் மட்டும் ஊசி ஊசியாக இளஞ்சிவப்புப் படிகங்கள் தெரியும். முள்ளங்கியில் ஒன்றும் வராது. சரி, ரத்தம்தான் என்று ஆகிவிட்டது. மனித ரத்தமா, கோழி ரத்தமா? அதற்கு மூன்றாவது பரிசோதனை. ஜெர்மனியில் பால் ஊலன்ஹுத் 1901-ல் கண்டுபிடித்த வழி அது. மனித ரத்தம்தான் என்றே வைத்துக்கொள்வோம். யாருடையது? அதற்கு நாலாவது.

"முதல் பரிசோதனை சந்தேகத்தைச் சொல்லும். அதை வச்சு ஒருத்தரைக் குற்றவாளின்னு எழுதினா, முள்ளங்கிக்குத் தூக்குத் தண்டனை கொடுத்த மாதிரி" என்றார் ஆசிரியை. வகுப்பே சிரித்தது. அந்த வார்த்தை ஒரு வருடம் கழித்து எங்கள் குடும்பத்துக்கே தேவைப்பட்டது.

நாலு மாதம்

நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது, லால்குடி பக்கத்தில் இருந்த பெரியப்பா ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டு எழுந்தவர், நெஞ்சு எரிகிறது என்றார். இரண்டு தடவை வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவருக்கு 62 வயது.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஒரு மனைக்கட்டு விற்பது பற்றி அவருக்கும் மருமகளுக்கும் வாக்குவாதம் நடந்திருந்தது. அன்று ராத்திரி கீரைக் குழம்பு வைத்துப் பரிமாறியவளும் அந்த அண்ணிதான். கேட்க வேண்டுமா? உறவில் ஒருவர் போலீசுக்கே போய்ச் சொல்லிவிட்டார். சந்தேக மரணம் என்று பதிவாகி, பிரேதப் பரிசோதனை நடந்தது. உள்ளுறுப்புகள் ரசாயனப் பரிசோதனைக்குப் போயின. அறிக்கை வர நாலு மாதம் ஆயிற்று.

அந்த நாலு மாதம் அண்ணி பட்ட பாடு! பதினாறாம் நாள் அவள் காய்ச்சிய பாயசத்தை ஒருவரும் தொடவில்லை. அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க ஆளில்லை. மூன்று வயசுப் பிள்ளையை, "அம்மாகிட்டே போகாதே" என்று தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் பெண்ணையும் பிள்ளையையும் அவள் அப்பா வந்து அழைத்துப் போனார். அண்ணன் நடுவில் நின்று தவித்தார்.

அன்று பந்தியில் நான் அண்ணியிடம் இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நான் படித்ததைப் பொறுமையாகச் சொன்னேன். "பெரியம்மா, வாந்தியை வச்சு விஷம்னு சொல்ல முடியாது. மாரடைப்பிலேயும் வாந்தி வரும், நெஞ்சு எரியும். அது முதல் பரிசோதனை மாதிரி. சந்தேகம் மட்டும்தான். இரைப்பை, குடல், ஈரல், சிறுநீரகம் எல்லாத்துலேயும் கொஞ்சம் எடுத்து, அதிகபட்சம் உப்புக் கரைச்ச தண்ணியில போட்டு அனுப்புவாங்க. நாம ஊறுகாய்க்கு உப்புப் போடுற மாதிரி, கெடாம இருக்கத்தான். இதயத்தை வேற மருந்துல போட்டுத் தனியா அனுப்புவாங்க. ஒவ்வொரு பாட்டிலுக்கும் சீல், நம்பர் உண்டு. யார் கையிலேர்ந்து யார் கைக்குப் போச்சுன்னு கையெழுத்தும் உண்டு. பாட்டிலைத் திறக்கிறவங்களுக்கு மனைக்கட்டு சண்டையும் தெரியாது, அண்ணியையும் தெரியாது. அவங்க சொல்றதுதான் சரி. அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

"விஷம்னு வந்துட்டா?" என்றாள் பெரியம்மா.

"வந்தா அதையும் ஏத்துக்கணும். உண்மைக்கு நம்ம வீடு, அடுத்த வீடுன்னு கிடையாது" என்றேன். சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது.

அறிக்கை வந்தது. எந்த உறுப்பிலும் விஷம் இல்லை. இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. பெரியம்மா அந்தக் காகிதத்தின் நகலை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அண்ணியின் வீட்டு வாசலில் நின்று, "வாம்மா, நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்று அழைத்து வந்தாள். அன்று ராத்திரி அண்ணி வைத்த குழம்பை முதலில் சாப்பிட்டவள் பெரியம்மாதான். "உப்புத் தண்ணியில போட்ட உண்மை கெடாம வந்துடுச்சுடி" என்று என்னிடம் சொன்னாள்.

அம்மாவுக்காக வந்த கண்டுபிடிப்பு

டி.என்.ஏ. என்றதும் எல்லோருக்கும் கொலை வழக்குதான் நினைவு வரும். இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984-ல் இந்த அடையாளமுறையைக் கண்டுபிடித்தார். முதன்முதலாக அது பயன்பட்டது எதற்குத் தெரியுமா? 1985-ல், கானா தேசத்திலிருந்து திரும்பி வந்த ஒரு பையனை, இங்கிலாந்தில் இருந்த தாயின் சொந்தப் பிள்ளை என்று நம்ப அதிகாரிகள் மறுத்தார்கள். அவன் அவள் பெற்ற பிள்ளைதான் என்று டி.என்.ஏ. நிரூபித்து, தாயையும் மகனையும் சேர்த்து வைத்தது. அதற்குப் பிறகு வந்த முதல் கொலை வழக்கிலும், பிடிபட்டிருந்த ஒரு நிரபராதியை அது முதலில் விடுவித்தது. உண்மையான குற்றவாளி அப்புறம்தான் அகப்பட்டான்.

நம் நாட்டில் ஹைதராபாத் ஆய்வகத்தில் லால்ஜி சிங் என்ற விஞ்ஞானி இந்த முறையை வளர்த்தார். 1980-களின் கடைசியில் கேரளத்துத் தலச்சேரியில் ஒருவன், ஒரு பெண்ணுக்குப் பிறந்த குழந்தை தன்னுடையது அல்ல என்று மறுத்தான். லால்ஜி சிங்கின் பரிசோதனை அவன்தான் தகப்பன் என்று காட்டியது. நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. பெண்ணின் வாய்ச்சொல்லை ஊர் நம்பாதபோது, ஒரு சொட்டு ரத்தம் அவளுக்காகப் பேசியது.

நம் வீட்டுக்கு என்ன பயன்?

எனக்கு வரன் பார்த்தபோது, "விஷத்தைப் பத்தி எல்லாம் படிச்ச பொண்ணாமே!" என்று என் மாமியார் கொஞ்சம் தயங்கினாராம். இப்போது அத்தைதான் அக்கம்பக்கத்தில் எந்தக் குழந்தை எதை விழுங்கினாலும், "இருங்க, என் மருமகளைக் கேக்கறேன்" என்கிறார். நான் டாக்டர் இல்லை. ஒரு ஆஸ்பத்திரியின் உயிர்வேதியியல் பிரிவில் வேலை செய்கிறேன். ஆனாலும் படித்ததில் நாலு விஷயம் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

பூச்சி மருந்து, ஆசிட், மண்ணெண்ணெய் எதையும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்கு லேபிள் படிக்கத் தெரியாது. பாட்டிலை மட்டும்தான் தெரியும்.

குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே குழந்தைக்கு ஆபத்தாகும். மண்ணெண்ணெயாக இருந்தால் வாந்தி எடுக்கும்போது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். விழுங்கிய மாத்திரையின் அட்டை, மருந்து பாட்டில், காய், விதை எதுவானாலும் கையோடு எடுத்துப் போங்கள். அதைப் பார்த்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

காய்ச்சலுக்குக் கொடுக்கிறோமே பாராசிட்டமால், அளவோடு இருந்தால் நல்ல மருந்து. அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். முதல் நாள் ஆள் நன்றாக இருப்பது போலவே தெரியும். அதுதான் ஆபத்து. மாற்று மருந்து உண்டு. 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நல்ல பலன் கிடைக்கும். ஆகவே, 'ஒண்ணும் ஆகலையே' என்று காத்திருக்கக் கூடாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60 பேருக்கு மேல் பலி வாங்கியது. மெத்தனால் நேரடியாகக் கொல்வதைவிட, நம் ஈரலின் நொதியே அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுவதுதான் கொடுமை. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கும். ரத்தத்தைக் கெடுக்கும். இந்த மாற்றம் நடக்கச் சில மணி நேரம் ஆகும். குடித்த ஒருவர் 'கண் மங்குது' என்றால் தூங்க விடாதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளப்புங்கள்.

இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விடுவது பாவம். ஒரு பெண்ணுக்கோ குழந்தைக்கோ பாலியல் கொடுமை நடந்தால், முதலில் நமக்குத் தோன்றுவது குளிப்பாட்டி, துணியைத் துவைத்து, எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்பதுதான். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குளிக்காமல், உடை மாற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. மாற்ற வேண்டியிருந்தால் அந்தத் துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் நின்று பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் பணம் வாங்காமல் முதலுதவியும் சிகிச்சையும் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று நாள் மிக முக்கியம். நாள் கடந்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் இருக்கின்றன.

உங்கள் பெண் கேட்டால்

"அம்மா, நான் தடய அறிவியல் படிக்கட்டுமா?" என்று உங்கள் மகள் கேட்டால், உள்ளதைச் சொல்லிவிடுங்கள். தொலைக்காட்சியில் அரை மணியில் முடிகிற பரிசோதனைக்கு நிஜத்தில் நாள் கணக்காகும். ரெக்கார்டு நோட்டு எழுதி எழுதி விரல் காய்த்துப் போகும். அரசு ஆய்வுக்கூடங்களில் இடங்கள் குறைவு. தேர்வு எழுத வேண்டும். பெரும்பாலும் முதுகலைப் பட்டமும் வேண்டியிருக்கும். கூடவே உயிர்வேதியியலோ ரசாயனமோ கெட்டியாகப் படித்திருந்தால், ஆஸ்பத்திரி ஆய்வகம், மருந்துக் கம்பெனி, உணவுப் பரிசோதனை என்று வேறு வாசல்களும் திறக்கும். என் வகுப்பில் படித்தவர்களில் அந்த வாசல் வழியாகப் போனவர்கள்தான் அதிகம்.

ரத்தத்தைப் பார்த்து மயங்குவாளா என்று கவலைப்பட வேண்டாம். மாதா மாதம் ரத்தத்தைப் பார்க்கிற ஜாதி நாம்! யாரோ சொன்னதைக் கேட்டதும் நம்பிவிடுகிற பெண்ணா, 'இரு, பார்த்துட்டுச் சொல்றேன்' என்கிற பெண்ணா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது ரகமாக இருந்தால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். அவள் எந்த வேலைக்குப் போனாலும், எந்த வீட்டுக்கு மருமகளாகப் போனாலும், அந்தக் குணம் அவளையும் காப்பாற்றும். பக்கத்தில் இருக்கிறவர்களையும் காப்பாற்றும்.